அவர் தண்ணி போடவில்லை

என் பெரியப்பா மகன் சொன்னது பொய். பொய் என்று தெரிந்தேதான் சொன்னார்.

கும்பாபிஷேகச் சாப்பாட்டுப் பந்தலில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். நம் தெருவில் பிறந்து, ஒரே பள்ளிக்கூடத்தில் மண்தரையில் உட்கார்ந்து படித்து, பிறகு சென்னை, பெங்களூர், துபாய் என்று போனவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தீர்கள். பந்தி நடக்கும்போது அண்ணன் மைக்கைப் பிடித்தார். வங்கியில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவருக்குப் பேச வரும்.

"எங்கப்பா ஒரு எஞ்சின் வெச்சிருந்தாரு. அதை ஓட்ட ஒரு ஆள் வெச்சிருந்தாரு. எஞ்சின் மண்ணெண்ணெயில ஓடும். ஆள் தண்ணியில ஓடுவான். ஒருநாள் ரெண்டும் சேந்து நின்னுபோச்சு."

சிரித்தீர்கள். சாம்பார் வாளியோடு நின்றவரும் சிரித்தார். அந்த எஞ்சின்காரரின் மகள் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இலையில் அப்போதுதான் பாயசம் விழுந்திருந்தது. இலையை மூடாமல் எழுந்து போனார். கை கழுவுகிற இடத்தில் போய்ப் பிடித்தேன். அவரும் நானும் ஒரே வகுப்பு.

"எங்கப்பா செத்தும் தெளியலைங்கிறாங்க, பாத்தியா?" என்றார்.  வெளியே போய் பஸ்ஸுக்கு நின்றார்.

அதனால் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன்.

மேட்டூர் திறக்காத வருஷம் அது. ஆற்றில் மணல்தான் இருந்தது. ஆனி மாதத்துக் காற்று மணலை வாரி வாசலில் கொட்டும். அம்மா பெருக்கிப் பெருக்கிச் சலித்து, கடைசியில் பெருக்குவதையே விட்டுவிட்டாள். ஊரில் யாரும் குறுவை போடவில்லை. பெரியப்பா மட்டும் நாற்று விட்டார். ஆறு வராவிட்டால் என்ன, பில்டர் பாயிண்ட் இருக்கிறது என்றார். மணல் மட்டம் வரைக்கும் இறக்கிய குழாய்க்கிணறு, அதைத்தான் நம் பக்கம் அப்படிச் சொல்வோம். அதன் தலையில் பம்பு, பம்போடு எஞ்சின்.

பச்சை நிற எஞ்சின். இரண்டு பேர் கம்பு கொடுத்துத் தூக்கிவிடலாம். மண்ணெண்ணெயில் ஓடுவது, ஆனால் மண்ணெண்ணெயில் கிளம்பாது. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் தீப்பிடிக்காது. முதலில் பெட்ரோல் கொஞ்சம் ஊற்ற வேண்டும். கயிற்றைச் சக்கரத்தில் சுற்றி இழுக்க வேண்டும். படபடவென்று கிளம்பும். உடம்பு சூடானதும் குழாய்த் திருகைத் திருப்பினால் மண்ணெண்ணெய்க்கு மாறும். அப்போது சத்தம் கனக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எது ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். அந்தக் கயிற்றின் நுனியில் ஒரு முடிச்சு இருந்தது, கை பட்டுப் பட்டு புளியங்கொட்டை மாதிரி மழமழப்பாக ஆகியிருந்தது. பெட்ரோல் வைத்திருந்தது ஒரு பிராந்தி பாட்டிலில். அந்தப் பாட்டிலைக் கொடுத்தது பெரியப்பா. காலி செய்தவரும் அவர்தான். பட்டாளத்தில் இருந்த சொந்தக்காரர் ஒருவர் லீவில் வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுப்பார்.

எஞ்சினை ஓட்டியவரை அப்போது நாம் எல்லோரும் எஞ்சின்காரன் என்றுதான் சொல்வோம். வயதுக்கு மரியாதை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் இருந்தது. வெற்றிலை போடுவார். வேறு பழக்கம் இல்லை. ஓட்டத் தெரியும், பிளக்கைக் கழற்றித் துடைக்கத் தெரியும். அதற்கு மேல் எஞ்சினைப் பற்றி அவருக்கும் தெரியாது. ஊரில் யாருக்குமே தெரியாது.

நீர்மட்டம் இறங்கியது. பம்பு ஓரளவு ஆழத்திலிருந்துதான் தண்ணீரை உறிஞ்சும். அதற்கும் கீழே போய்விட்டால் பம்பையே கீழே இறக்க வேண்டும். குழாயைச் சுற்றிக் குழி வெட்டி, பம்பையும் எஞ்சினையும் உள்ளே இறக்கினார்கள். மறுபடியும் தண்ணீர் இறங்கியது, மறுபடியும் வெட்டினார்கள். கடைசியில் எஞ்சின்காரர் குழிக்குள் நின்றால் தலைப்பாகை கூட வெளியே தெரியாது. சுவர் சரியாமல் இருக்கத் தென்னை மரத்தைப் பிளந்து அண்டை கொடுத்திருந்தார்கள். நாம் குழி விளிம்பில் படுத்து எட்டிப் பார்ப்போம், ஞாபகம் இருக்கிறதா? சூடான எண்ணெய் வாசனை மூக்கில் ஏறும். கொஞ்ச நேரத்தில் நெற்றிப் பொட்டில் வலிக்கும். வெயில் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போவோம்.

குழிக்குள் போனதிலிருந்து எஞ்சின் சரியாக ஓடவில்லை. கிளம்பும், கனக்கும், பிறகு இருமும். நின்றுவிடும். பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும். தொட்டியில் விழுகிற தண்ணீர் தொடை தடிமனில் இருந்தது கை தடிமனாகக் குறைந்தது. மண்ணெண்ணெய் மட்டும் முன்னைவிட வேகமாகத் தீர்ந்தது.

பெரியப்பா குழி விளிம்பில் நின்று கத்துவார்.

"ஏண்டா, எண்ணெய் எங்கடா போவுது? குடிக்கிறியா?"

"ஐயா, இது மூச்சு வாங்குதுங்க. ரேஷன் எண்ணெயில தண்ணி கலந்திருப்பான் போலருக்கு."

"ரேஷன்காரன் கலக்கல. எண்ணெயை எடுத்துட்டு அளவுக்குத் தண்ணிய ஊத்தி வெச்சிருக்கே நீ."

தண்ணி என்ற பேச்சு அவர் மேல் விழுந்தது அப்போதுதான். முதலில் எண்ணெயில் கலந்த தண்ணி.

பெரியப்பாவுக்கு இன்னொரு சந்தேகம். இந்தக் காற்றுக்கு மண்ணெண்ணெய் ஆவியாகிப் போகிறது, மணலும் எஞ்சினுக்குள் விழுகிறது என்றார். குழிக்கு மேல் மூங்கில் போட்டு, கீற்று வேய்ந்து மூடச் சொன்னார். ஆள் இறங்க ஒரு மூலையில் மட்டும் வழி விட்டார்கள். வெளியே ஆளைத் தள்ளுகிற காற்று. குழிக்குள் ஒரு இலை ஆடாது.

எஞ்சின் இன்னும் மோசமானது. பட்டுக்கோட்டையிலிருந்து மெக்கானிக் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் குழிக்குள் இறங்கவில்லை, வேட்டி அழுக்காகும். எஞ்சினை மேலே தூக்கி வரப்பில் வைக்கச் சொன்னார். கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஓடியது பாருங்கள், புது எஞ்சின் மாதிரி. புகை கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. காபி வந்து குடித்து முடிக்கிற வரைக்கும் ஒரு இருமல் இல்லை.

"எஞ்சின்ல ஒரு குத்தமும் இல்லீங்க," என்றார் மெக்கானிக். வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஓட்டுற ஆளைத்தான் ஓவராயில் பண்ணணும்."

மறுபடி உள்ளே இறக்கினார்கள். மறுபடி இருமியது. மேலே ஓடுகிறது, கீழே ஓடவில்லை. அப்படியானால் கோளாறு கீழே இருக்கிறவனிடம்தான். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஒத்துக்கொண்ட முடிவு இது. கணக்கு சரியாக வந்தது போல இருந்தது. கீழே என்றால் ஆள் மட்டும்தானா, வேறு ஒன்றும் கிடையாதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஐயனார் கோயில் பூசாரி மட்டும் வேறு சொன்னார். குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிவிட்டு, "உள்ள காத்து நிக்குது. கெட்ட காத்து," என்றார். பேய் பிசாசைத்தான் அப்படிச் சொன்னார். எலுமிச்சம்பழத்தையும் வேப்பிலையையும் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போனார். இன்றைக்கு யோசித்தால், அந்த ஊரில் உண்மைக்குப் பக்கத்தில் வந்த ஒரே ஆள் அவர்தான். கெட்ட காற்றுதான் நின்றது. எலுமிச்சம்பழத்துக்குக் கட்டுப்படுகிற காற்று இல்லை, அவ்வளவுதான்.

எஞ்சின் செய்கிற வேலை நான்கு. காற்றையும் எண்ணெய் ஆவியையும் உள்ளே இழுக்கும். இறுக்கும். பிளக் பொறி விட்டதும் எரியும். எரிந்ததை வெளியே தள்ளும். தள்ளியதையே மறுபடி இழுத்தால் எரிய முடியாது. நல்ல காற்று இல்லாமல் அரைகுறையாக எரியும், கரி கக்கும், எண்ணெய் வீணாகும், வெளியே விடுகிற புகையில் விஷம் ஏறும். மூடிய குழிக்குள் அது தன் புகையையே தின்றது. திணறி நின்றுபோனது. எஞ்சினுக்கு அந்த வசதி உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு இல்லை.

அவர் தள்ளாட ஆரம்பித்தார். மேலே ஏறி வந்தால் வரப்பில் கால் நிற்காது. வாந்தி எடுப்பார். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். பித்தம் என்று அவரே சொல்லிக்கொண்டு, மடியிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கடிப்பார். அவர் மனைவி கொல்லைப்புறம் வந்து பெரியம்மாவிடம் அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, அவரு வாயில வெத்தலையைத் தவிர ஒண்ணும் படாதுங்கம்மா. குழிக்குள்ள எறங்குனாத்தான் இப்படி ஆவுதுங்க. ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"எந்தப் பொண்டாட்டிடீ எம் புருஷன் குடிக்கிறான்னு ஒத்துக்கிட்டா?" என்றாள் பெரியம்மா. அலமாரியில் பிராந்தி வைத்திருந்தவரின் மனைவி.

பிறகு அந்த நாள். நாற்று பழுக்க ஆரம்பித்துவிட்டது. எஞ்சின் நிற்கக் கூடாது, பக்கத்திலேயே உட்கார்ந்து ஆக்சிலேட்டர் கம்பியைக் கையில் பிடித்துக்கொள், நான் சொல்லாமல் மேலே ஏறினால் காலை ஒடிப்பேன் என்றார் பெரியப்பா. காலையில் இறங்கினார் எஞ்சின்காரர். எஞ்சின் நிற்கும், அவர் கயிறு இழுக்கும் சத்தம் கேட்கும், மறுபடி கிளம்பும். உச்சிப் பொழுதில் நின்றது. கயிறு இழுக்கிற சத்தம் வரவில்லை.

"தூங்குறான்," என்றார் பெரியப்பா.

எஞ்சின்காரரின் மகள் கஞ்சித் தூக்கோடு வந்தாள். நானும் கூடப் போனேன். பள்ளிக்கூடத்தில் அவள் எனக்குப் புளியங்கொட்டை பாக்கி வைத்திருந்தாள், அதைக் கேட்கத்தான் போனேன். மூலை வழியில் குனிந்து, "அப்பா" என்று கூப்பிட்டாள். குழாயில் தலை சாய்த்துக் கிடந்தார். அவள் போட்ட சத்தத்தில் வயலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். மூங்கிலையும் கீற்றையும் பிய்த்து எறிந்துவிட்டு, இரண்டு பேர் இறங்கித் தூக்கினார்கள்.

வேப்பமரத்தடியில் போட்டார்கள். உதடு நல்ல சிவப்பாக இருந்தது. வெற்றிலை என்று எல்லோரும் நினைத்தோம். தண்ணீர் அடித்தார்கள். கண் திறக்காமலே, "தண்ணி… தண்ணி…" என்றார்.

"பாத்தீங்களா? இன்னமும் தண்ணிதான் கேக்குறான்," என்றார் பெரியப்பா.

ஆட்கள் சிரித்தார்கள். ஒரு மனிதன் தாகத்துக்குக் கேட்ட தண்ணீர் அங்கேயே, அந்த மரத்தடியிலேயே, வேறு தண்ணியாகிவிட்டது. பெரியப்பா குழிக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்து வரச் சொல்லித் தூக்கிக் காட்டினார். அதில் இருந்தது பெட்ரோல் என்று கூடியிருந்த எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அப்போது பெரியப்பா அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணனுக்கு மீசை அரும்பியிருந்த வயசு.

"குனிஞ்சு வாயை மோந்து பாருடா. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லு."

அண்ணன் மண்டியிட்டு மோந்து பார்த்தார். நிமிர்ந்தார். "வெத்தலை வாசனைதாம்ப்பா வருது," என்றார்.

"சரியா மோந்து பாருடா, மடையா."

மறுபடி குனிந்தார். இந்தத் தடவை சீக்கிரம் நிமிர்ந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டே, "லேசா வருதுப்பா," என்றார்.

"கேட்டீங்கள்ல?" என்றார் பெரியப்பா. தீர்ப்பு முடிந்தது. தெளியட்டும் என்று எஞ்சின்காரர் தலையில் மோர் ஊற்றினார்கள். ஆஸ்பத்திரிக்கு யாரும் கொண்டுபோகவில்லை. குடிகாரனுக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

அன்று சாயங்காலம் வேறு ஆளை இறக்கி எஞ்சினைக் கிளப்பினார்கள். நிற்காமல் ஓடியது. தொட்டியில் தண்ணீர் பழையபடி கொட்டியது. கீற்றைப் பிய்த்து எறிந்ததை யாரும் திரும்பப் போட்டிருக்கவில்லை. திறந்த குழி, ஆனிக் காற்று. ஆனால் பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? "அவனைத் தூக்கினதும் ஓடுது பாரு." அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?

நாற்று பிழைத்தது. எங்கள் வீட்டுக் குறுவை விளைந்தது. நான் அந்தச் சோற்றைத் தின்றேன்.

எஞ்சின்காரர் சில நாளில் எழுந்து நடந்தார். சரியாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சில வாரம் கழித்து வேறு மாதிரி ஆனார். கால் அகட்டி, இழுத்து இழுத்து நடந்தார். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவக் கை நிற்காது. வீட்டுக்கு வழி மறந்து வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருப்பார். வேலைக்கு யாரும் கூப்பிடவில்லை. மனைவிதான் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க் காப்பாற்றினார். அவர் தெருவில் வந்தால் "தண்ணி வண்டி, தண்ணி வண்டி" என்று பின்னால் கத்திக்கொண்டு ஓடினீர்கள். நான் கத்தவில்லை என்று பெருமை பேச வரவில்லை. எனக்கு அப்போது அம்மை போட்டிருந்தது. சாகிற வரைக்கும் அவருக்கு அந்தப் பெயர்தான். ஒவ்வொரு நாளும் அவர் நடந்த நடையே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

நான் இதை வெகுகாலம் யோசிக்கவில்லை. பட்டுக்கோட்டையில் குடியிருக்கிறேன், உங்களுக்குத் தெரியும். புயல் வந்து தென்னையெல்லாம் விழுந்து, கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் வாங்கினார்கள். மழையில் நனையக் கூடாதென்று வீட்டுக்குள் நடையில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு ஓட்டினார்கள். காலையில் அந்த வீட்டுக்காரர் தள்ளாடிக்கொண்டு எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ உளறினார்.

"விடியறதுக்குள்ள போட்டுட்டான் பாரு," என்றார் என் வீட்டுக்காரர்.

பக்கத்து வீட்டுக்காரர் நிற்பதைப் பார்த்தேன். அந்தத் தள்ளாட்டத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஆட்டோ பிடித்து, அவரையும் உள்ளே கிடந்த அவர் மனைவியையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் சின்னப் பெண். வாயை மோந்து பார்க்கவில்லை. "ஜெனரேட்டர் எங்க வெச்சிருந்தீங்க?" என்றுதான் முதலில் கேட்டாள். ஆக்சிஜன் வைத்தாள். இரண்டு பேரும் பிழைத்தார்கள்.

"நெறைய பேரைக் குடின்னுதான் கூட்டிட்டு வருவாங்க ஆன்ட்டி," என்றாள். "இது வாசனையே இல்லாத விஷம். தள்ளாட்டம், வாந்தி, பேச்சுக் குழறல், எல்லாம் அப்படியே குடி மாதிரி இருக்கும்."

குழியைப் பற்றி அவளிடம் சொன்னேன். கீற்று, சிவந்த உதடு, எழுந்து நடந்தது, சில வாரம் கழித்து நடை போனது, எல்லாம் சொன்னேன். "நான் அவரைப் பாக்கல, அதனால உறுதியா சொல்ல மாட்டேன். ஆனா தேறின மாதிரி இருந்துட்டு அப்புறம் நடையும் ஞாபகமும் போறது இதுல உண்டு. நீங்க சொல்றது எல்லாமே பொருந்துது," என்றாள்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்கு போன் செய்தேன். முழுவதும் கேட்டார். "விடும்மா, அப்பா போயி எவ்வளவு காலமாச்சு. அவர் பேரை எதுக்கு இப்ப இழுக்கணும்?" என்றார். அப்பா பெயரை இழுக்கக் கூடாது. சரி. அதே வாய்தான் பிறகு கும்பாபிஷேகத்தில் மைக்கைப் பிடித்து, இன்னொரு பெண்ணுடைய அப்பாவின் பெயரை, அந்தப் பெண் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது இழுத்தது.

பெரியப்பாவுக்குத் தெரியாது. மெக்கானிக்குக்குத் தெரியாது. எஞ்சின்காரருக்கே தெரியாது. தெரியாமல் நடந்ததற்கு நான் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. அண்ணனுக்குத் தெரியும். நான் போனில் சொல்லித் தெரிந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த மரத்தடியிலேயே, குனிந்து நிமிர்ந்த அந்த நிமிஷமே தெரியும்.

மண்டலாபிஷேக நிறைவுக்கு நாம் எல்லோரும் மறுபடி கூடுகிறோம். எஞ்சின்காரரின் மகளைக் கூப்பிட்டிருக்கிறேன். முதலில் மாட்டேன் என்றார், பிறகு வருகிறேன் என்றார். அண்ணா, எனக்குத் தனியாக போன் செய்ய வேண்டாம். குடும்பத்துக்குள் பேசித் தீர்ப்போம் என்று யாரையும் அனுப்ப வேண்டாம். அப்பா மிரட்டினார், சின்னப் பையன், பயந்துவிட்டேன் என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் நீங்கள் அன்று சொன்ன பதில் இரண்டு. வெற்றிலை என்றீர்கள், பிறகு லேசாக வருகிறது என்றீர்கள். எது உண்மை? சிரித்த அத்தனை பேர் முன்னாலும், எஞ்சின்காரர் மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.